முயல் தின்னாமல் கிடக்கும் அரைநாள்

தமிழ்நாடு கால்நடை பராமரிப்பு மற்றும் மருத்துவப் பணிகள் துறை இயக்குநர் அவர்களுக்கு,

மாடும் ஆடும் கோழியும்தான் உங்கள் துறையின் முதல் கவலை. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் இன்று மாடிவீடுகளிலும் வாடகைக் குடித்தனங்களிலும் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய முயல்கள் வளர்கின்றன. அவற்றில் பல, நோய் வந்த செய்தியே வீட்டாருக்குத் தெரியாமல் செத்துப்போகின்றன. நானும் முயல் வளர்ப்பவள் என்பதால் அக்கம்பக்கத்தில் எந்த முயல் சோர்ந்தாலும் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

“நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு” என்பார்கள். நன்றாக இருந்திருக்காது. நரிக்கும் பருந்துக்கும் இரையாகும் பிராணி அது. தளர்ச்சியை வெளியே காட்டினால் முதலில் பிடிபடும். அதனால் வலியை மறைப்பது அதன் பிறவிக் குணம். நாயைப்போல முனகி நம்மைக் கூப்பிடாது. மூலையில் உடம்பைக் குறுக்கி, கண்ணைப் பாதி மூடி, அசையாமல் உட்கார்ந்திருக்கும். சமத்தாக இருக்கிறது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். கிட்டே போய்க் காது கொடுத்தால் பல்லை நறநறவென்று கடிப்பது கேட்கும். தடவிக்கொடுக்கும்போது வரும் மெல்லிய பல்லசைவு சுகத்துக்கு அடையாளம். இந்த நறநறப்பு வலி.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது புழுக்கை. முயலின் குடல் நாளெல்லாம் ஓடிக்கொண்டே இருந்தாக வேண்டும். வாந்தி எடுக்கவும் அதற்கு இயலாது. புல்லைக் குறைத்துச் சோறும் பிஸ்கட்டும் கொடுத்தாலோ, ஓயாமல் வளரும் கடைவாய்ப்பல் கூராகி நாக்கைக் குத்தினாலோ, வெயில் தாக்கினாலோ, இடம் மாறி மிரண்டாலோ தின்பதை நிறுத்திவிடும். தின்னாததால் குடலோட்டம் தளரும். உள்ளே காற்றுச் சேர்ந்து வயிறு வலிக்கும். வலியால் இன்னும் தின்னாது. புழுக்கை முதலில் சிறுத்து, கோணலாகி, மயிரில் கோத்துக்கொண்டு வரும்; பிறகு நின்றே போகும். 12 மணி நேரம் எதையும் தொடாத முயலுக்கு உடனே சிகிச்சை வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு அங்கே இடமில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண் தன் முயலைத் துண்டில் சுற்றி ஒரு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப்போனாள். ஒரு நாள் பட்டினி போட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வயிறு சரியில்லாத நாய்க்குச் சில நேரம் சொல்லும் யோசனை அது. முயலை அதுவே கொன்றுவிடும். மறுநாள் காலை அவளுடைய முயல் உயிரோடு இல்லை. அந்த மருத்துவர்மீது எனக்குக் கோபமில்லை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே எப்போதாவது வரும் ஒரு முயலைப் பற்றி அவருக்கு யாரும் நினைவூட்டியிருக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வீட்டு வைத்தியம் இதைவிடப் பயங்கரம். பிள்ளைக்கு வாங்கி மீந்த அமாக்சிசிலினை முயல் வாயில் ஊற்றுகிறார்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவை வாய்வழியாகப் போனால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கெட்ட கிருமி பெருகி, அதன் நஞ்சிலேயே முயல் இறந்துபோகலாம். நாயின் உண்ணிக்கு முதுகில் விடும் ஃபிப்ரோனிலும் முயலுக்கு ஆகாது. வயிறு உப்பி விறைத்திருக்கும்போது சிரிஞ்சால் கஞ்சி ஊட்டுவதும் ஆபத்து. முயலின் உடல்வெப்பம் பொதுவாக 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். காது சில்லிட்டு, வெப்பம் 38-க்குக் கீழே இறங்கினால் கதகதப்பாக வைத்து மருத்துவரிடம் ஓட வேண்டும். சித்திரை வெயிலில் வருவது இதற்கு நேரெதிர்: காது கொதிக்கும், மூச்சு இரைக்கும். மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி வாயைத் திறந்துவிட்டதென்றால் உயிர் ஊசலாடுகிறது என்று பொருள். மூக்கொழுகல், முன்னங்கால் மயிர் சடைபிடித்தல், காதுக்குள் பொருக்கு, தலை சாய்தல் இவையும் காட்ட வேண்டியவைதான். ஆனால் தின்னாத முயலின் அவசரம் தனி.

இந்த அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் ஆராய்ச்சி நிலையங்களில் முயல் வளர்க்கிறார்கள். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. ஆனால் முயல் என்றாலே நமக்குப் பண்ணைக் கணக்குதான் முன்னால் வருகிறது. பண்ணையில் நோயுற்ற ஒன்றைக் கழித்துவிடலாம். வீட்டில் இருப்பதே அந்த ஒன்றுதான்.

ஆகவே கேட்கிறேன். மருந்தகத்துக்கு வந்தாலும் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழைத்தாலும், “முயல் தின்னவில்லை” என்ற சொல்லை அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். மருந்தக மருத்துவர்களுக்கு முயல் மருத்துவத்தில் குறும்பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018-ஆம் ஆண்டு மத்திய விதிகளில் முயலும் அடங்கும்; கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்தாக வேண்டும். வாரியத்தோடு பேசி, விற்கும் ஒவ்வொரு முயலோடும் ஒரு பக்கத் தமிழ்த் தாள் கொடுக்க வையுங்கள். எது தீனி, எந்த மருந்து கூடாது, எப்போது ஓடிவர வேண்டும் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும்.

அந்தத் தாளில் நல்ல புழுக்கையையும் சிறுத்துப்போன புழுக்கையையும் அடுத்தடுத்துப் படமாக அச்சிடச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் அது புரியும். காலையில் முதலில் கூண்டைத் திறப்பது பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான்.


முயல் வளர்ப்போரில் ஒருத்தி