திரைக்குறி தீட்டுங் கை தமிழ்க் கையாகுக!

அரசலாற்றுக் கழிமுகத்தில் விடியுமுன் படகேறும் காரைக்கால்மேட்டு மீனவனுக்கு, வலையைப் போலக் கைப்பேசியும் இன்று ஒரு தொழிற்கருவியாகிவிட்டது. காற்றின் விரைவு, அலையின் உயரம், மீன் திரளும் இடம், கடலெல்லை ஆகியவற்றைக் காட்டவல்ல செயலிகள் வந்துவிட்டன. எம்.எசு. சாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்க்கென உருவாக்கிய செயலி, ஐதராபாத்திலுள்ள கடல்சார் செய்திப்பணி நடுவத்தின் கணிப்புகளைத் தமிழிலும் தருகின்றது. கடலெல்லை நெருங்கின் எச்சரிக்கவும் செய்கின்றது.

அவ்வெச்சரிக்கைக் குறி எத்தகையதாதல் வேண்டும்? இருளிலும் அலையாட்டத்திலும், ஈரங் காயாத கையோடு, ஒரு நொடியில் கண்டுணரத்தக்கதாதல் வேண்டும். 2025 சனவரி 28-இல் காரைக்காலிலிருந்து சென்ற 13 மீனவரை நெடுந்தீவருகே சிங்களக் கடற்படை சிறைபிடித்தபோது, அவருள் குண்டடிபட்டோரும் உளர். அக்கொடுமையின் பழி சுட்டவரைச் சாரும்; செயலியைச் சாராது. ஆயினும் அவ்வெல்லைக்கோடு உயிரோடு தொடர்புடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. அத்தகைய கோட்டைத் திரையில் வரைவோர் மீனவன் மொழியறியாதவராயிருப்பின் என்னாகும்?

செயலியினுள் ஓடுங் கணக்கை எழுதுவோர் நிரலாளர். அதனை மாந்தர் கண்ணுக்கும் விரலுக்கும் எட்டவைப்போர் வேறு தொழிலர். எச்செய்தி முதலில் தோன்ற வேண்டும், எவ்விசை எங்கமைய வேண்டும், எச்சொல் எழுதப்பெற வேண்டும், எப்படவுரு எதனைச் சுட்ட வேண்டும் என வரையறுப்போர் அவரே. முகப்பு வடிவமைப்பு எனப்படும் இஃது இன்று உலகெங்கும் ஊதியமுள்ள தனித்தொழில். ஆனால், மகன் பொறிஞனாக வேண்டும், அன்றேல் வளைகுடா நாட்டுக்குச் செல்ல வேண்டும் என்றெண்ணும் கடைமடைப் பெற்றோர் பலர்க்கு இத்தொழிலின் பெயரே தெரியாது. அதனால் இழப்பது பிள்ளைகளின் பிழைப்பு மட்டுமன்று; திரையில் தமிழுக்குரிய இடமுமாகும்.

1984-இல் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாசு கணிப்பொறிக்குப் படவுருக்கள் வரைந்தவர் சூசன் கேர் அம்மையார். அவர் பொறியியல் கற்றவரல்லர். கலைத்துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். கட்டத்தாள் வாங்கி, 32-க்கு 32 என 1024 கட்டங்களுள் சிலவற்றைக் கருக்கியும் சிலவற்றை வெறுமையாக விட்டும் உருவங்கள் சமைத்தார். புள்ளி வைத்துக் கோலமிடும் தமிழ்ப் பெண்டிர்க்கு இக்கணக்குப் புதிதன்று. சுவீடனில் காணத்தக்க இடங்களைச் சுட்டும் வளையக்குறி ஒன்றை அவர் கட்டளை விசைக்குரிய குறியாக ஏற்றார். வடபுலத்தார் குறி உலகக் குறியாயிற்று.

தமிழர்க்குக் குறிகள் இல்லையா? நாள், திங்கள், ஆண்டு, பற்று, வரவு, மேற்படி, உருபா, எண் என்னும் எட்டுக்கும் பழைய தமிழ்க் கணக்கேடுகளிலும் ஆவணங்களிலும் தனித்தனிக் குறிகள் வழங்கின. 2003-இல் அவை ஒருங்குறியிலும் இடம்பெற்றன. ஆயினும் கடைக்காரர் கணக்குச் செயலிகளில் அவற்றைக் காண்பது அரிது. பேழையில் இருக்கும் பொன்னை அறியாது இரவல் நகை பூணும் மணமகளின் நிலை இது.

2010 சூலை 15-இல் இந்திய அரசு ஏற்ற உருபாக் குறியை வரைந்தவரும் ஒரு தமிழரே. த. உதயகுமார் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பு நடுவத்தில் தமிழ் அச்செழுத்துகளை ஆய்ந்தவர். தமிழ் எழுத்துரு வரைந்தவர். தமிழெழுத்தில் ஊறிய கை இந்தியா முழுமைக்கும் குறி தரவல்லது என்பது பெருமை. அக்குறி தேவநாகரி ரகரத்தையும் உரோமானிய எழுத்தையும் இணைத்து அமைந்தமை வருத்தம். குற்றம் வரைந்தவர் மேலதன்று. பன்மொழி நாட்டின் பொதுக்குறி என்றாலே ஒரு வடபுல எழுத்தை நினைக்கும் தில்லியின் பழக்கத்தின் மேலது. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டரசு தன் வரவுசெலவுத் திட்ட முத்திரையில் 'ரூ' என்றெழுதியபோது எழுந்த கூச்சல், ஒரு சிறு குறிக்குள் எத்துணைப் பெரிய ஆளுமை அடங்கியுள்ளது என்பதைக் காட்டிற்று.

தமிழறிவு இத்தொழிலுக்கு அணியன்று; அடிப்படை. ஓர் எடுத்துக்காட்டுப் போதும். தமிழில் வினையின் வேர்ச்சொல்லே ஏவலாக நிற்கும். தேடு, திற, மூடு, அழி, அனுப்பு, பகிர் என இரண்டும் மூன்றும் நான்குமாகிய எழுத்துகளில் கட்டளை முடிந்துவிடும். சிறிய விசையில் எழுதுதற்கு இதனினும் ஏற்ற மொழி எது? ஆனால் பல செயலிகளில் 'தேடவும்', 'அனுப்பவும்', 'அழிக்கவும்' என எழுதிச் சொல்லை நீட்டுகின்றனர். பின் இடம் போதாது வெட்டுகின்றனர். இறுதியில் "தமிழ் நீளமான மொழி" எனப் பழியும் சுமத்துகின்றனர். ஏவலொருமை மதிப்புக் குறைவென அஞ்சுவோர் ஒன்றை மறந்தனர். விசையிலுள்ள சொல் பொறி மாந்தனுக்கு இடும் கட்டளையன்று. மாந்தன் பொறிக்கு இடும் கட்டளை. பொறிக்கு ஏவலொருமையே தகும். மாறாகப் பொறி மாந்தனிடம் கேட்குமிடத்து 'பெயரை எழுதுக' என வியங்கோள் வரவேண்டும். இவ்வேறுபாட்டை நன்னூல் கற்ற மாணவன் நொடியில் அறிவான். இலக்கணமறியாத மொழிபெயர்ப்புப் பொறி அறியாது.

எழுத்தின் வடிவும் அத்தகையதே. மெய்யெழுத்தின் புள்ளி மேலே நிற்கும். உகர ஊகாரச் சுழிகள் கீழே இறங்கும். கொம்பும் காலும் இருபுறம் விரியும். ஆங்கிலத்திற்கு அளந்த வரியிடைவெளியில் தமிழை அடைத்தால் புள்ளி மறையும். 'கல்' என்பது 'கல' ஆகும். மீனவனுக்கும் உழவனுக்கும் நோயாளிக்கும் அது வெறும் அழகுக்குறையன்று, பொருட்கேடு.

"வேலை தருவோர் ஆங்கிலமே கேட்கின்றனர்; தமிழால் என்ன பயன்?" என்பார் உளர். ஆங்கிலத் திரையை வரைய உலகில் எண்ணற்றோர் உளர். அவர்களோடு போட்டியிடுவோன் பல்லோருள் ஒருவன். தமிழ்த் திரையைப் பிழையின்றி வரைவோரோ மிகச் சிலர். எனவே தமிழ் இங்குச் சுமையன்று, கைம்முதல். ஆங்கிலத்தையும் கருவியாகக் கற்பதில் இழுக்கில்லை; அதற்கு அடிமையாதலே இழுக்கு.

வழியும் அடைபட்டதன்று. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-இலேயே தோன்றியது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2015 முதல் இளநிலை வடிவமைப்புக்கு நுழைவுத்தேர்வு நடத்துகின்றது. அதன் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே அமைவது தமிழ்வழி மாணவர்க்கு இழைக்கும் அநீதி. அதனை மாற்றக் குரலெழுப்புதல் கடமை. ஆனால் அதுவரை கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. பணி தருவோர் பலர் பட்டத்தினும் செய்துகாட்டிய தொகுப்பையே முதலிற் பார்ப்பர். கட்டத்தாளும் கரிக்கோலும் தொடக்கத்திற்குப் போதும். இங்க்சுகேப்பு போன்ற கட்டற்ற மென்பொருள் விலையின்றிக் கிடைக்கும். வரைந்ததைக் கிளிஞ்சல்மேட்டு முதியவர் கையிலும் திருநள்ளாற்று உழவர் கையிலும் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவர்க்கு விளங்காத குறி, எத்துணை அழகாயினும் தோற்ற குறியே. பழந்தமிழ்க் குறிகளுக்கும் இவ்வளவையே பொருந்தும். விளங்குமாறு சொல்லோடு சேர்த்து வழங்கிப் பழக்குதல் வேண்டும். சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்தவியலாக் கண்ணுடையோரும் உளராதலின், நிறத்தை மட்டும் நம்பி இடரைச் சுட்டலாகாது.

1739 முதல் காரைக்காலில் பிரெஞ்சியர் கொடி பறந்தது, 1954-இல் இறங்கிற்று. 1965-இன் ஆட்சிமொழிச் சட்டம் தமிழுக்கு இடந்தந்து, ஆங்கிலத்திற்கும் கதவு திறந்துவைத்தது. அக்கதவின் வழியே வந்த ஆங்கிலம் இன்று அலுவலகப் பலகையினின்று கைப்பேசித் திரைக்கு ஏறிவிட்டது. புதுவை அரசு மக்களுக்கென வெளியிடும் ஒவ்வொரு செயலியும் தமிழை முதன்மொழியாகக் கொள்ள வேண்டும். அதனை வரையும் பணியில் தமிழறிந்த வடிவமைப்பாளர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். காரைக்காலில் 2010 முதல் இயங்கும் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் பிற கல்லூரிகளும், கணிப்பொறி மாணவரையும் தமிழ் மாணவரையும் ஒரு மேசையில் அமர்த்தி இப்பயிற்சியைத் தொடங்குதல் தகும்.

பிறர் வரைந்த திரையில் விரல் வைப்பது பயன்பாடு; தன் மொழியில் தானே திரை வரைவது உரிமை. கடலில் நிற்கும் உடன்பிறப்பு தன் தாய்மொழியில் இடரை அறிந்து கரை திரும்ப வேண்டுமாயின், கரையிலிருக்கும் இளைஞர் இன்றே கரிக்கோல் எடுக்க! குறி தீட்டுக! தமிழ் ஏற்றுக!