பெயர் படிக்கப்படாதவர்



பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவந்த மறு ஞாயிறு, அதிக மதிப்பெண் பெற்ற மாணவரின் பெயர்களைத் திருப்பலி முடிவில் படித்துப் பீடத்தின்முன் பரிசளிப்பது பல பங்குகளில் வழக்கம். சில ஆண்டுகளுக்குமுன் நாமும் அவ்வாறே செய்தோம். கைதட்டல் ஓய்ந்தபின்தான், பாடற்குழுவில் டோலக் வாசிக்கும் சிறுவனின் இடம் வெறுமையாயிருக்கக் கண்டோம். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் அவன் தேறவில்லை. அடுத்த ஞாயிறும் அவன் வரவில்லை. மூன்றாம் வாரம் வீடு தேடிச் சென்றோம். "கோயிலுக்கு வந்தா எல்லாரும் மார்க்குக் கேப்பாங்கன்னு சொன்னான் சாமி, திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு அனுப்பிட்டோம்" என்றார் தாய்.

அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்பதை அவ்வீட்டார் அறியவில்லை. விண்ணப்பிக்கும் நாளும் கடந்துவிட்டது. அறிந்து சொல்லியிருக்க வேண்டிய நாமோ, பரிசுப் பொட்டலங்களுக்கு வண்ணத்தாள் சுற்றிக்கொண்டிருந்தோம்!

பெல்ஜியம் நாட்டில் 1882-ல் பிறந்த ஜோசப் கார்டைன் எளிய தொழிலாளர் குடும்பத்தவர். குருவாக விரும்பிய அவரைக் குருமடம் ஏற்றது. அவருடன் படித்த தோழரை ஆலைகளும் சுரங்கங்களும் ஏற்றன. விடுமுறையில் ஊர் திரும்பியவரை அத்தோழர் அந்நியராகவே நோக்கினர். திருச்சபையையும் அவர்கள் துறந்திருந்தனர். அந்தக் காயமே பின்னர் 1925-ல் இளங்கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கமாக உருப்பெற்றது. பள்ளிக்கும் பட்டறைக்கும் இடைப்பட்ட அந்தச் சில மாதங்களில் இளைஞனின் கையைப் பற்றுவார் யார் என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் கேட்ட கேள்வி. 1965-ல் அவரைத் திருத்தந்தை ஆறாம் பவுல் கர்தினாலாக உயர்த்தினார்.

அவருக்கு முன்பே, 1852-ல், தூரின் நகரில் தச்சரிடம் தொழில் பயிலச் சென்ற ஓர் இளைஞனுக்காகப் புனித தொன் போஸ்கோ முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டார். பயிற்சிக்காலம், கூலி, ஞாயிறு ஓய்வு ஆகிய யாவும் அதில் உண்டு. தவறு செய்தால் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும் என்பதும் உண்டு. இன்று நம் பிள்ளைகளை எவரோ ஒரு முகவரின் வாய்ச்சொல்லை நம்பிப் பேருந்து ஏற்றிவிடுகிறோம்.

வழிகள் இல்லாமலில்லை. வயர்மேன், வெல்டர் போன்ற தொழிற்பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேறியவரையும் ஐ.டி.ஐ. ஏற்கிறது. பத்தாம் வகுப்புக்குப்பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு பயின்றோர் பொறியியற் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். 1961-ம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, உதவித்தொகை பெற்றுக்கொண்டே ஆலையில் பயிலவும் இயலும். வெல்டர் பயிற்சி என்றதும் முகம் சுளிக்கும் பெற்றோர், தச்சரான புனித சூசையப்பருக்கு நவநாள் தவறாது செய்வதுதான் நமக்கு விளங்காத புதிர்!

அச்சிறுவன் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்திருந்தான். கோயிலுக்குள் வரவில்லை; கொடிமரத்தடியில் நின்றான். நாமே சென்று, மதிப்பெண்ணைப்பற்றிப் பேசாது, வேலையைப்பற்றிக் கேட்டோம். நெடுநேரம் பேசினான். மார்ச்சுத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத இசைந்தான். கட்டணத்தை நாம் தருவதாகச் சொன்னதும் மறுத்துத் தலையசைத்தான். சட்டைப்பையிலிருந்து தன் கூலிப்பணத்தை எடுத்து எண்ணினான்.