முழங்காலும் மலைப்படியும்

மலையேறினால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, சற்று நின்றால் விட்டுவிடுகிறது என்று தோட்ட டிஸ்பென்சரியில் சொல்பவருக்குத் தைலம் கிடைப்பதில் வியப்பில்லை. ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து ஏற்றத்தில் யாருக்குத்தான் கால் வலிக்காது? பாதத்தில் நாடி தொட்டுப் பார்த்திருந்தால் சந்தேகம் அப்போதே எழுந்திருக்கும். கணுக்கால்-கை இரத்த அழுத்த விகிதம் 0.9-க்குக் கீழே இறங்கினால் நாளம் அடைபட்டிருக்கிறது. நீண்டநாள் சீனி வருத்தக்காரரிடம் நாளச்சுவர் இறுகி அதே விகிதம் 1.4-ஐத் தாண்டி நம்மை ஏமாற்றும். இந்தச் சோதனைகள் தவறியபின், ஈரச் செருப்பு கடித்த சிறு புண் கறுத்த விரலாகச் சத்திரசிகிச்சைக்கூடம் வந்துசேர்கிறது.

காலை எங்கே வெட்டுவது என்பதைப் பெரும்பாலும் இரத்த ஓட்டம் தீர்மானிக்கிறது. ஆனால் முழங்காலுக்குக் கீழே ஆறுமா ஆறாதா என்று தடுமாறும் வேளையில், நோயாளி லயத்துக்கு எத்தனை படி இறங்கிப் போகிறார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். தொடையில் கால் இழந்தவருக்குச் சமதரையிலேயே மூச்சு வாங்கும். தேயிலைச் சரிவில், அதுவும் இறக்கத்தில், அவர் வீட்டோடு முடங்குவார். இரண்டாம் சத்திரசிகிச்சைக்கான அபாயத்தை ஏற்றேனும் முழங்காலைக் காக்க முயலலாம் என்பதே நம் கருத்து. ஏற்கெனவே நடமாட்டம் அற்றவருக்கும், மடங்கி இறுகிய முழங்காலுக்கும் இது பொருந்தாது.

செயற்கைப் பாதத்தைத் தெரிவதும் அப்படித்தான். கணு அசையாத பாதம் இறக்கத்தில் முழங்காலை முன்னே தள்ளிவிடும். 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் பி.கே. சேத்தியும் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய பாதம் வளையும். குந்தலாம், செருப்பில்லாமலும் நடக்கலாம். ஆயினும் வெட்டிய காலின் உணர்வு குறைந்த தண்டில் செயற்கைக்காலின் குழிக்கூடு உராய்ந்தால் வலி தெரியாது, புண்தான் தெரியும்.

றாகமவிலும் திகனையிலும் உள்ள புனர்வாழ்வு மருத்துவமனைகளில் நடை பழகும் தளம் சமதளம். லயத்துக்கு வெளியே இருக்கும் கழிவறைக்கு மழையில் போவதை அங்கே யாரும் பழக்குவதில்லை. சக்கர நாற்காலியை அனுப்பிவைப்பதால் பயனில்லை. பாதை அதை விடாது. மிஞ்சிய காலும் அதே நோயில் இருப்பதால், பீடியையும் பொயிலையையும் நிறுத்துவது இயன்மருத்துவரின் வேலையும்தான். அன்றைய வேலைக்குப் பேர் விழாவிட்டால் சம்பளமில்லை என்பதால், உட்கார்ந்து செய்யும் வேலை கேட்டுத் தோட்டத் துரைக்குக் கடிதம் எழுதுவதும் சிகிச்சையில் சேரும்.

மலையகத்திலிருந்து இவ்விதழுக்கு வரும் நோயாளர் அறிக்கைகளில், வெட்டிய மட்டத்துக்குப் பக்கத்திலேயே வீதியிலிருந்து வீட்டுவாசல்வரையான படிகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள்.