கட்டிய நாயும் கத்திரி இரவும்

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பது பழமொழி. அதைச் சொன்னவர் தெரு நாயைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். நம் வீட்டு வாசலில் சங்கிலியோடு கிடக்கும் நாய்க்கு நிற்பதும் படுப்பதும் தவிர வேறு வேலையே இல்லை. நேரமோ இரவு முழுவதும் இருக்கிறது. அந்த இரவைப் பற்றித்தான் இங்கே எழுத விழைகிறோம்.

"நாய் நன்றியுள்ள பிராணி. அது நம் வீட்டைக் காக்கும்" என்று நான்காம் வகுப்பிலிருந்து நாம் அனைவரும் கட்டுரை எழுதி மதிப்பெண் பெற்று வருகிறோம். பத்தாம் வகுப்புக்கு வந்த பின்னும் அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட வளரவில்லை. வீட்டைக் காக்கும் அந்தப் பிராணி, கத்திரி வெயில் காலத்து இரவில் எங்கே படுக்கிறது, எதன்மேல் படுக்கிறது என்ற செய்தியை எந்தக் கட்டுரையிலும் காணோம்.

பெரம்பலூரும் அரியலூரும் கடற்காற்று எட்டாத ஊர்கள். மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தொடுவது இங்கே புதுமை அன்று. பகல் வெயிலின் கொடுமையை எல்லோரும் அறிவோம். குடை பிடிக்கிறோம், மோர் குடிக்கிறோம், நாயையும் நிழலில் இழுத்துக் கட்டுகிறோம். பொழுது சாய்ந்ததும் துன்பம் தீர்ந்தது என்று எண்ணி விடுகிறோம். அங்கேதான் நாயின் துன்பம் தொடங்குகிறது என்பது எங்கள் கருத்து.

இதற்குக் காரணம் தேடினால் நம் ஊரின் பெருமையிலேயே வந்து நிற்கும். அரியலூர் வட்டாரம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. கல்லைப் பிளந்தால் சிப்பியும் சங்கும் புதைபடிவமாகக் கிடைக்கின்றன. அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பியே அரசின் சிமெண்ட் ஆலையும் தனியார் ஆலைகளும் இங்கே வந்தன. ஆலை இருக்கும் ஊரில் சிமெண்டுக்குப் பஞ்சம் ஏது? கூரை வீடு போய் மாடி வீடு வந்தது. சாணம் மெழுகிய வாசல் போய்ச் சிமெண்ட் தளம் வந்தது. கொல்லையில் இருந்த கொஞ்ச மண்ணையும், செருப்பில் சேறு ஒட்டுகிறது என்று சொல்லிப் பூசி விட்டார்கள். கூரை வீட்டில் தீக்கும் மழைக்கும் அஞ்சி வாழ்ந்தவர்களின் துயரம் நமக்குத் தெரியும். அந்தக் காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் சிமெண்டுக்கு ஒரு குணம் உண்டு. பகல் முழுவதும் வெயிலைக் குடித்து, இரவு முழுவதும் அதைக் கக்கும். பொலபொலப்பான மண்ணின் மேற்பரப்பு பொழுது சாய்ந்ததும் விரைவில் ஆறிவிடும். தடித்த தளமும் சுவரும் நள்ளிரவு கடந்தும் ஆறுவதில்லை. ஐயமிருந்தால் இரவு பத்து மணிக்கு மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்று பாருங்கள்.

இரவு வெப்பம் தனியாகக் கணக்கிட வேண்டிய ஒன்று என்பதை இந்திய வானிலைத் துறையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பகலில் 40 டிகிரிக்குக் குறையாமல் காய்ந்து, இரவின் குறைந்தபட்ச வெப்பமும் வழக்கத்தைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் உயர்ந்து நின்றால், அதை 'வெப்ப இரவு' என்று அத்துறை அறிவிக்கிறது. பகலில் வாடிய உடல் இரவில் தேறவேண்டும். தேறவில்லை என்றால் மறுநாள் வெயில் இரண்டு மடங்கு வாட்டும். இது மனிதருக்குச் சொன்னது. நாய்க்கு இதைவிடவும் பொருந்தும்.

ஏனெனில் நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். காற்றுப் பட்டால் குளிரும். நாய்க்கு வியர்வைச் சுரப்பி பெரும்பாலும் பாதத்தின் அடியில் மட்டுமே உண்டு. அதுவும் ஏதோ பேருக்குத்தான். நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதற்கு விசிறி. நாக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போதுதான் அதன் உடல் குளிர்கிறது. காற்றே இல்லாத புழுக்கத்தில் எவ்வளவு இரைத்தாலும் ஈரம் ஆவியாவது குறைவு. நாயின் இயல்பான உடல்வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நமக்குக் காய்ச்சல் என்று சொல்லும் அளவு. அது 106-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து.

இனி, தெரு நாய் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கோடையில் அது ஓர் இடத்தில் இரவைக் கழிப்பதில்லை. முன்னிரவில் அடிபம்பின் பக்கத்து ஈரத்தில் படுக்கும். அங்கே கொசு மொய்த்தால் எழுந்து போய்க் கட்டட வேலைக்குக் கொட்டிய மணல்மேட்டைப் பறித்துக் குழி செய்து சுருண்டு கொள்ளும். விடியற்காலையில் காற்று வரும் தெருமுனையில் அதைக் காணலாம். திருமானூர்ப் பக்கம் கொள்ளிட மணலில் படுத்துறங்கும் நாய்களைப் பார்த்தவர்கள், அவை மிராசுதார் போல வாழ்கின்றன என்பார்கள். யாரும் அவற்றுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. குளிர்ந்த இடத்தைத் தேடும் அறிவு நாயோடு பிறந்தது.

அந்த அறிவைப் பயன்படுத்த விடாமல் செய்வது நாம் மாட்டும் சங்கிலியே. நம் பக்கத்து வீடுகளில் நாயைக் கட்டும் இடங்களை எண்ணிப் பாருங்கள். மாடிப்படிக்கு அடியில் உள்ள பொந்து ஒன்று. மூன்று பக்கமும் சுவர், தலைக்கு மேல் சிமெண்ட் படி, காற்று நுழைய வழியில்லை. கார் ஷெட் இன்னொன்று. பக்கத்திலேயே அப்போதுதான் ஓடி வந்த வண்டியின் சூடான எஞ்சின். சிலர் மொட்டை மாடியிலேயே கட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்து மின்விசிறிக்கு அடியில் உறங்குகிறார்கள். நாய் இரவெல்லாம் குரைக்கிறது. திருடனுக்கா குரைக்கிறது? எழுந்து வந்து இரண்டு அடி வைத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த தெருவில் உள்ளவர் காலையில் வந்து சண்டை போடுகிறார்.

"நாட்டு நாய்தானே, எல்லாம் தாங்கும்" என்பது பெரியவர்கள் சொல்லும் சமாதானம். நாட்டு நாய் தாங்கும் என்பது உண்மையே. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய நம் தமிழ்நாட்டு இனங்கள் இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவை; 2005-இல் இந்திய அஞ்சல் துறை இராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. நம் வீட்டு மணிக்கு எந்த இனப்பெயரும் கிடையாது என்றாலும் அதுவும் இந்த மண்ணின் பிள்ளைதான். ஆனால் நாட்டு நாய் தாங்குவதற்கு அதன் குட்டை முடி பாதிக் காரணம், இடம் மாறிப் படுப்பது மறுபாதிக் காரணம். இரண்டடிச் சங்கிலியில் கட்டியபின் அந்த மறுபாதி போய்விடுகிறது அன்றோ?

வெளிநாட்டு நாய்களின் கதை இன்னும் பரிதாபமானது. 2003-இல் கைப்பேசி நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக் நாய் நாட்டையே மயக்கியது. சப்பை மூக்குக்காரனான அந்த நாய்க்கு மூச்சு விடுவதே பாடு. இரைத்து உடலைக் குளிர்விப்பது எப்படி? பனி நாட்டில் வண்டி இழுத்த சைபீரியன் ஹஸ்கியை வெயில் நாட்டுக்குக் கொண்டுவருவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2024-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் உள்ளிட்ட இனங்கள் நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை, அவற்றை இங்கே இனப்பெருக்கம் செய்யலாகாது என்று கூறியது. நல்ல முடிவு என்றே நாம் கருதுகிறோம். ஏற்கெனவே வீட்டில் இருப்பதை என்ன செய்வது? அதைப் பகலிலும் இரவிலும் காற்றுள்ள இடத்தில், வீட்டுக்குள்தான் வைத்துக்கொள்ள வேண்டும். வளர்க்கத் துணிந்தவர்கள் அந்தச் செலவுக்கும் துணிய வேண்டும். பொமரேனியன், அல்சேஷன் போன்ற சடை நாய்களுக்கு வெயில் வந்ததும் முடியை மழித்து விடுபவர்களும் உண்டு. அது தவறு. அந்த முடி வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது. உதிரும் உள்முடியைச் சீவி எடுத்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தோழியர் அறிய வேண்டும். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில், நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் ஒரு பிராணியை நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாததும் குற்றம். போதிய நீரும் உணவும் உறைவிடமும் தராததும் குற்றம். முதல் குற்றத்துக்குச் சட்டம் வைத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! ஒரு நல்ல சங்கிலியின் விலைகூட இல்லை. அதனால்தானோ என்னவோ யாரும் அஞ்சுவதில்லை. 1976-இல் அரசியல் சட்டத்தில் சேர்த்த குடிமக்களின் கடமைகளில் உயிர்களிடத்தில் இரக்கம் காட்டுவதும் ஒன்று. அதைக் குடிமையியல் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்கிறோம்.

"மனிதருக்கே காற்றில்லை, மின்சாரம் போய்ப் போய் வருகிறது, நாய்க்கு விசிறி வைக்கச் சொல்கிறாயா?" என்று வீட்டில் கேட்பார்கள். விசிறி வேண்டாம் அப்பா, மண் போதும் என்று சொல்லலாம். மதில் ஓரத்தில் ஒரு கட்டில் அளவு இடத்தில் தளத்தைப் பெயர்த்துவிட்டு மணல் கொட்டி, மாலையில் ஒரு குடம் நீர் தெளித்தால் நாய் தானே அங்கே போய்ப் படுக்கும். தளத்தைப் பெயர்க்க மனம் வராதவர்கள் ஒரு கோணிப்பையை நனைத்துப் பிழிந்து விரிக்கலாம். காய்ந்தால் மறுபடியும் நனைக்க வேண்டும். தகரக் கொட்டகைக்கு மேல் தென்னங்கீற்று போட்டால் பகல் சூடு குறையும். ஆனால் எந்தக் கொட்டகையும் இரண்டு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். கதவு போட்டு அடைத்த கொட்டகை இரவில் இட்லிப் பானைதான்.

"அவிழ்த்துவிட்டால் ஓடிப்போகும், யாரையாவது கடித்தால் ஊர் வம்பு வரும்" என்ற அச்சம் நியாயமானது. வெறிநோய் விளையாட்டான காரியம் அன்று. ஆண்டுதோறும் தடுப்பூசி போடாத நாயை வளர்ப்பதே தவறு. சுற்றுச்சுவர் உள்ள வீடு என்றால், வெளிக்கதவைப் பூட்டிய பின் இரவில் அவிழ்த்துவிடுவதில் என்ன தடை? கட்டிய நாய் குரைக்கத்தான் முடியும். சுற்றிவரும் நாய்தான் காவல் காக்கும். சுவர் இல்லாத வீட்டில் வேறு வழி இருக்கிறது. கொல்லையில் இரண்டு மரங்களுக்கு இடையே, தலைக்கு மேல் உயரத்தில், ஒரு கம்பியை இழுத்துக் கட்டி அதில் ஒரு வளையத்தைக் கோத்து, வளையத்தில் நாயின் கயிற்றைக் கட்டினால் அது இக்கோடிக்கும் அக்கோடிக்கும் நடக்கும். வேண்டிய இடத்தில் படுக்கும். கயிறு மட்டும் மதிலை எட்டக் கூடாது. எட்டினால் நாய் தாண்டப் போய்த் தொங்கிவிடும்.

கட்ட மரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சாத்தனூரில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப் போன மரத்துக்கு வேலி போட்டுக் காக்கிறோம். வாசலில் நிற்கும் வேம்பையும் புங்கையும் வண்டி நிறுத்த வெட்டுகிறோம்.

நாக்கைத் தள்ளி எச்சில் ஒழுக நிற்கும் நாயையெல்லாம் வெறிநாய் என்று கல்லால் அடிக்கும் பழக்கமும் கோடையில் மிகுகிறது. அது தாகத்தால் நிற்கலாம். உண்மையாகவே நோயாகவும் இருக்கலாம். பிரித்தறிவது நம் வேலை அன்று. தெரியாத நாயின் அருகில் போகாமல், அடிக்கவும் செய்யாமல், பெரியவர்களிடம் சொல்லிவிட வேண்டும். ஆனால் நம் வீட்டு நாய் கெட்டியான எச்சில் வடித்து, ஈறு சிவந்து, வாந்தி எடுத்து, தள்ளாடி விழுந்தால் அது வெப்பத் தாக்குதல் என்று சந்தேகிக்கலாம். உடனே காற்றுள்ள இடத்துக்குத் தூக்கிச் சென்று, வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாத நாயின் வாயில் நீர் ஊற்றக் கூடாது. ஈரத்துணியால் மூடி அப்படியே விட்டுவிடுவதும் தவறு. துணி சூடேறி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். அடுத்த நிமிடமே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காலையில் நாய் இராது.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது கோடை விடுமுறை நெருங்கியிருக்கும். வீட்டில் இருக்கப்போகும் நாம் நாய்க்குத் தண்ணீர் வைக்கும் வேலையையாவது ஏற்றுக்கொள்ளலாம். மாலை ஆறு மணிக்குக் குழாயைத் திறந்து பிடிக்காதீர்கள். மாடித் தொட்டியில் நாளெல்லாம் காய்ந்த நீர் வெந்நீராகத்தான் வரும். காலையிலேயே பானையில் பிடித்து நிழலில் வைத்து, இரவில் வாயகன்ற மண்சட்டியில் ஊற்றி வையுங்கள். எவர்சில்வர் கிண்ணம் வேண்டாம். சூடாவதோடு, தட்டிக் கொட்டியும் விடும். மறுநாள் சட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவிய பிறகே புது நீர் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.