டாக்டர் அனுப்பிய மெசேஜ்



சொந்தத்தில் ஒரு டாக்டர் இருப்பது எவ்வளவு தெம்பு! ஊரில் காய்ச்சல் பரவ ஆரம்பித்தால், 'தண்ணீரைக் காய்ச்சிக் குடிங்க, பிள்ளைகளைக் கூட்டத்துக்குள்ள விடாதீங்க' என்று குடும்ப குரூப்பில் முதலில் மெசேஜ் போடுவது அவர்தான். நாமும் உடனே அதை நாலு பேருக்கு அனுப்புவோம். இதில் என்ன குற்றம்?

சீனாவின் வூஹான் நகரத்தில் லீ வென்லியாங் என்ற கண் டாக்டர் செய்ததும் இவ்வளவுதான். 2019 டிசம்பர் 30 அன்று, கூடப் படித்த டாக்டர்களின் வீசாட் என்ற மெசேஜ் ஆப் குரூப்பில் சார்ஸ் மாதிரி ஒரு நோய் வந்திருப்பதாக எழுதினார். வீட்டில் இருப்பவர்களை ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லுங்கள், வெளியே பரப்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

ஜனவரி 3-ம் தேதி போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பொய்த் தகவல் பரப்பியதாகச் சொல்லும் ஒரு கண்டனக் கடிதம் அங்கே தயாராக இருந்தது. இனி இப்படிச் செய்யாமல் இருக்க முடியுமா என்று அதில் ஒரு கேள்வி. 'முடியும்' என்று எழுதினார். புரிந்ததா என்று இன்னொரு கேள்வி. 'புரிந்தது' என்று எழுதினார். கையெழுத்தும் கைரேகையும் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

ஒரு நோயாளியிடமிருந்து அதே தொற்று அவருக்கும் வந்தது. பிப்ரவரி 7-ம் தேதி இறந்துபோனார். மார்ச்சில் போலீஸ் அந்தக் கண்டனத்தை ரத்து செய்து, குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டது.

'தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்? அரசாங்கம் பார்த்தால் பார்க்கட்டுமே!' என்று நம்மில் பலர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறோம். சரி, லீ என்ன தப்பு செய்தார்?

சீன இன்டர்நெட் என்றதும் கூகுள் கிடையாது, ஃபேஸ்புக் கிடையாது என்பதுதான் நம் நினைவுக்கு வரும். உண்மைதான். 2017-ல் வாட்ஸ்அப்பை அடைத்தார்கள். 2019-ல் விக்கிப்பீடியாவை எல்லா மொழிகளிலும் மூடினார்கள், தமிழ் உட்பட. ஆனால் எனக்கு அதைவிடக் கவலை தருவது அந்தத் தடை மதிலுக்கு உள்ளே, வீடுகளுக்குள் நடப்பது.

அங்கே புதிய சிம் வாங்க முகத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். அந்த நம்பரில்தான் வீசாட் கணக்கு. காய்கறிக்குப் பணம் கொடுப்பதும், பிள்ளையின் டீச்சர் சொல்வதைத் தெரிந்துகொள்வதும் அதில்தான். கணக்கு முடங்கினால் அன்றாடப் பிழைப்பே நின்றுவிடும். போதாததற்கு, குரூப்பில் யார் எதை எழுதினாலும் அந்தக் குரூப்பை ஆரம்பித்தவரும் பொறுப்பு என்று 2017-லேயே விதி போட்டுவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள். பேத்தி படத்தைப் பார்ப்பதற்காகக் குரூப் ஆரம்பித்த அத்தை, தம்பி மகன் எழுதுவதை எல்லாம் பயந்து பயந்து படிக்க வேண்டும். அரசாங்கம் சம்பளம் கொடுக்காமலே வீட்டுக்கு வீடு ஒரு காவலாள் கிடைத்துவிட்டார்!

இந்தப் பயத்தையும் மீறி ஒன்று நடந்தது. பத்திரிகை நடத்துகிறவன் என்பதால் என்னால் அதை மறக்கவே முடியவில்லை.

லீ வேலை பார்த்த அதே மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவுத் தலைவராக இருந்தவர் ஐ ஃபென். நோயின் ஆய்வக அறிக்கையில் சிவப்பு வட்டம் போட்டு முதலில் நண்பருக்கு அனுப்பியவர் அவர்தான். நிர்வாகத்திடம் கடுமையாகத் திட்டும் வாங்கினார். 2020 மார்ச் 10 அன்று 'ரென்வூ' என்ற சீனப் பத்திரிகை அவருடைய பேட்டியை வெளியிட்டது. சில மணி நேரத்தில் அது இன்டர்நெட்டிலிருந்து நீக்கப்பட்டது.

வாசகர்கள் விடவில்லை. கண்காணிக்கும் கம்ப்யூட்டருக்குப் புரியக் கூடாது என்று அந்தப் பேட்டியைப் பின்னாலிருந்து முன்னாக எழுதிப் போட்டார்கள். அதையும் நீக்கினார்கள். இமோஜியாக மாற்றினார்கள். மோர்ஸ் கோடில் போட்டார்கள். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் எலும்பில் கீறிய பழைய சீன எழுத்தில்கூட ஒருவர் எழுதினார். ஒன்றை நீக்க நீக்க இன்னொன்று வந்துகொண்டே இருந்தது. அதுவும் சொந்தப் பெயரில் பதிவான போன்களிலிருந்து.

அன்புடன்,
ஆசிரியர்