சிதைவுகளுக்கு ஒரு பேரேடு வேண்டும்

ஃபுளோரிடாவுக்கு அப்பால் கடலடியில் கிடப்பது சாலஞ்சர் விண்ணோடத்தின் துண்டுதான் என்று 2022 நவம்பர் 10 அன்று நாசா உறுதி செய்தது. கூடவே ஒரு எச்சரிக்கையும் வந்தது: விண்ணோடங்களின் எந்தத் துண்டும் சட்டப்படி அமெரிக்க அரசின் சொத்து; கண்டவர் தகவல் தர வேண்டும். கிடக்கும் இடம் வெளியிடப்படவில்லை. முக்குளிப்போர் சிலருக்கு இது கசக்கலாம். ஆனால் தடை சரியானது என்பதே இந்த இதழின் நிலைப்பாடு. 1986 ஜனவரி 28 அன்று ஏவப்பட்ட 73ஆம் நொடியில் ஏழு பேரைப் பலிகொண்ட கலம் அது. யாரும் அங்கே நினைவுப்பொருள் பொறுக்கப் போகக் கூடாது.

கவனிக்க வேண்டியது வேறொன்று. 2022 மார்ச்சில் அந்தத் துண்டைக் கண்ட குழு விண்ணோடத்தைத் தேடிப் போகவில்லை. 1945 டிசம்பர் 5 அன்று, காணாமல்போன ஃபிளைட் 19 விமானங்களைத் தேடக் கிளம்பி 13 பேருடன் மறைந்த மாரினர் விமானத்தைத்தான் தேடியது. மணலுக்கு மேல் தெரிந்த பரப்பில் 8 அங்குலச் சதுரங்கள் வரிசையாக இருந்தன. வெப்பக் காப்பு ஓடுகளின் அளவு அது. காணொளியை வைத்தே நாசா உறுதி செய்தது. 1996இல் இடது இறக்கையின் இரு துண்டுகள் கொக்கோ கடற்கரையில் ஒதுங்கிய பிறகு சாலஞ்சரின் பாகம் எதுவும் கிடைத்திருக்கவில்லை.

அந்த முக்குளிப்பில் இருந்த மைக்கேல் பார்னெட் ஒரு கடல் உயிரியலாளர். அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவின் மீன்வளப் பிரிவில் அவர் பார்த்த வேலை பெரும்பாலும் மடிகளையும் ஆமைகளையும் பற்றியது. தென்கிழக்கு அமெரிக்க மீன்பிடிக் கருவிகள் கடலடி வாழிடத்தை என்ன செய்கின்றன என்று 2001இல் அவர் எழுதிய தொழில்நுட்பக் குறிப்பு இன்றும் பயன்படுகிறது. ஸ்கிம்மர் இழுவலைகளில் ஆமை விலக்குக் கருவி பொருத்தும் விதிகளுக்கான பணியிலும் அவருக்குப் பங்கு உண்டு. அலுவலகப் பணிக்கு வெளியே அவர் செய்து வருவது, பெயர் தெரியாத சிதைவுகளில் இறங்கி அவை எந்தக் கப்பல் என்று கண்டறிவது.

இந்த இரண்டையும் ஒருவரின் தொழில், பொழுதுபோக்கு என்று பிரிப்பது தவறு. 2017இல் அவர் எழுதிய இன்னொரு குறிப்பைப் பாருங்கள். செயற்கைப் பார்களாக இறக்கப்படும் கட்டமைப்புகளிலும் கப்பல்களிலும் ஆமைகள் நுழைந்து, வெளியேற வழியின்றி மூச்சுத்திணறிச் சாகின்றன. சிக்கிக் கிடக்கும் தூண்டில் நரம்பிலும் மாட்டிக்கொள்கின்றன. எந்த அறைக்கு எத்தனை வழி, எந்தத் தகடு முதலில் இற்று விழும் என்று சிதைவுக்குள் நீந்திப் பார்த்த கண் இல்லாமல் அதை எழுதியிருக்க முடியாது. மறுபக்கமும் அப்படித்தான். பாய்லரின் விட்டத்தை அளக்கும்போது அதன் மேல் படிந்த உயிர்ப்படிவு எவ்வளவு, இரும்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்வது உயிரியலாளரின் வேலை. சில அங்குலம் பிசகினால் வரைபடத்தோடு ஒப்பிட்டு எந்தப் பயனும் இல்லை.

'பேர் ரெக்' கதை இதற்குச் சான்று. செயின்ட் அகஸ்டீனுக்கு அப்பால் சுமார் 35 கடல் மைலில் கிடந்த அந்தச் சிதைவை மீனவர்களும் முக்குளிப்போரும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிவார்கள். பட்டப்பெயர் இருந்தது, பெயர் இல்லை. பார்னெட் பாய்லரையும் இயந்திரங்களையும் அளந்து, பழைய வரைபடங்களோடு வைத்துப் பார்த்தார். லண்டனில் லாய்ட்ஸ் காப்பீட்டு ஆவணங்களைத் தேடிய வரலாற்றாளர், 1925 டிசம்பர் 1 தேதியிட்ட அபாய அழைப்பின் பதிவைக் கண்டெடுத்தார். இறந்தவர்களின் குடும்பங்கள் தொடுத்த வழக்கின் தாள்களில் சரக்கறை மூடிகள் பழுதாயிருந்த செய்தி கிடைத்தது. சார்ல்ஸ்டனில் நிலக்கரி ஏற்றி ஹவானாவுக்குப் புறப்பட்டு 32 பேருடன் மறைந்த கோட்டோபாக்ஸி அது என்ற முடிவு 2020இல் வெளியானது. ஏறத்தாழ நூறாண்டுகள் பெர்முடா முக்கோணக் கதைகளுக்குத் தீனியாகி, திரைப்படத்தில் கோபி பாலைவனத்தில்கூட வந்து நின்ற கப்பல், புயலில் மூடி உடைந்து நீர் புகுந்து மூழ்கிய கப்பலாகத் தன் இடத்துக்குத் திரும்பியது.

இவ்வளவு செய்தவருக்கு விதிகளில் என்ன இடம்? யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கையின் இணைப்பில் 22ஆம் விதி, தகுதி பெற்ற நீரடித் தொல்லியலாளரின் வழிகாட்டலிலும் வழக்கமான இருப்பிலும்தான் பணி நடக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவும் இந்தியாவும் அதில் சேரவில்லை என்றாலும் உலகெங்கும் விதி எழுதுவோருக்கு அதுதான் முன்மாதிரி. உயிரியலாளர் அங்கே சூழல் கொள்கை எழுதும் துணையாளராகவே வருகிறார். நீதிமன்றங்களும் இதைத் தாண்டவில்லை. கனவேரல் முனையருகே ஒரு நிறுவனம் கண்ட சிதைவில் லில்லிப்பூ முத்திரையிட்ட வெண்கலப் பீரங்கிகளும், பிரெஞ்சு அரசச் சின்னம் செதுக்கிய பளிங்குத் தூணும் இருந்தன. அவற்றை ஸ்பானியக் கப்பல் ஒன்று கொள்ளைப்பொருளாக ஏற்றிச் சென்றிருக்கலாம் என்று நிறுவனம் வாதிட்டது. 1565 புயலில் அழிந்த லா திரினித்தே என்ற பிரெஞ்சுக் கப்பல் அதுவே, பிரான்சுக்கே உரியது என்று 2018 ஜூனில் நீதிமன்றம் தீர்த்தது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், உழைப்புக்கு ஈடு கேட்டு பிரான்சின் மீது நிறுவனம் தொடுத்த வழக்கு நடக்கலாம் என்றது. தீர்ப்புகளில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணுக்குச் சிதைவருகே இருவர்தான் தெரிகிறார்கள்: உடைமையாளர், மீட்பவர். எதையும் எடுக்காமல், பெயரை மட்டும் கண்டு சொல்பவர் தெரிவதே இல்லை.

இந்த இதழ் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவருவது இங்கேதான் வந்து நிற்கிறது. கடலைப் பற்றி அரசுகளிடம் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்றில் பெயர் இருக்கும், இடம் இருக்காது. மற்றதில் இடம் இருக்கும், பெயர் இருக்காது. எண்ணெய்க் கசிவு அபாயம் கருதி நோவா 2013இல் 87 கப்பல்களைத் தனித்தனியே மதிப்பிட்டது. அவற்றில் பல எங்கே கிடக்கின்றன என்றே தெரியாது. மீனவர்களின் ஜிபிஎஸ்ஸிலோ பட்டப்பெயர் சூடிய புள்ளிகள் நிறைந்து கிடக்கின்றன. இந்த இரண்டையும் இணைப்பதுதான் அடையாளம் காணும் பணி. 1942இல் நீர்மூழ்கித் தாக்குதலில் லாங் ஐலண்டுக்கு அப்பால் மூழ்கிய கொயிம்ப்ரா எண்ணெய்க் கப்பலின் பெயரும் இடமும் சேர்ந்து தெரிந்ததால்தான், 2019இல் அதிலிருந்து ஏறத்தாழ 4.5 லட்சம் கேலன் எண்ணெயை எடுத்துக் கரைகளைக் காக்க முடிந்தது.

அப்படியிருக்க, அமெரிக்கக் கடலோர அளவைத் துறை தன் அவோயிஸ் சிதைவுத் தரவுத்தளத்தைப் புதுப்பிப்பதை 2016இல் நிறுத்திவிட்டது. வழிகாட்டு வரைபடத்துக்கு ஆழமும் அபாயக் குறியும் போதும், பெயர் தேவையில்லை என்பது அளவையாளரின் கணக்கு. கடல் சரணாலய எல்லைக்குள் நோவாவின் மரபுப் பிரிவு பார்த்துக்கொள்கிறது. மாநில நீர்ப்பரப்பை மாநிலம் பார்க்கிறது. பேர் ரெக் கிடந்தது இந்த இரண்டுக்கும் வெளியே. அங்கே ஒருவர் தன் செலவில், டிகம்ப்ரஷன் கயிற்றில் தொங்கி, அளந்து, ஆவணம் புரட்டி ஒரு பெயரைக் கொண்டுவந்தால், அதைச் சான்றுகளோடு வாங்கிப் பதிந்து, மறுப்பு வந்தால் திருத்தி வைக்க ஒரு மேசைகூட இல்லை. தொலைக்காட்சித் தொடர்கள்தான் அந்தச் சான்றுகளின் காப்பகமாகிவிட்டன. தொடாதே என்று சொல்ல அதிகாரிகளுக்கு ஒரு நாள் போதுமாக இருக்கிறது. கண்டதைப் பதிந்துகொள்கிறோம் என்று சொல்லப் பல பத்தாண்டுகளாக நேரம் வரவில்லை. பாதுகாப்பைக் காரணம் காட்டி இடத்தை மறைக்கலாம், சரி. பெயரை எப்படி நிறுவினார்கள் என்பதையும் ஏன் மறைக்க வேண்டும்? பாய்லர் அளவை வெளியிடுவதால் எந்தக் கொள்ளையனும் வழி கண்டு வரப்போவதில்லை.

நம் கரையும் விலக்கல்ல. பூம்புகாருக்கு அப்பால் தேசியக் கடலியல் நிறுவனம் ஆராய்ந்த சிதைவில் கிடைத்த ஈயக் கட்டிகளில் பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் இருந்தன. ஈயத்தை வார்த்தவர் தெரிகிறார், காலமும் தெரிகிறது. கப்பலின் பெயரைக் கட்டிகள் சொல்லவில்லை. அந்தச் சிதைவில் எந்த உயிர்ப்படிவு எந்தப் பக்கத்தில் அடர்ந்திருக்கிறது, மணல் எந்தப் பருவத்தில் விலகுகிறது என்பதைக் கோரமண்டல் மீனவர்களிடமும் நம் உயிரியலாளர்களிடமும் கேட்டுப் பதிந்தால் அடுத்த முக்குளிப்பை எங்கே தொடங்குவது என்பதாவது தெளிவாகும்.

ஆகவே வரும் இதழிலிருந்து 'சிதைவுப் பதிவு' என்ற பகுதி தொடங்குகிறது. பட்டப்பெயர், ஆழம், பாய்லர் அல்லது நங்கூர அளவு, அளந்த முறை, உயிர்ப்படிவின் தடிமன், ஒளிப்படம், பார்த்த ஆவணம் ஆகியவை போதும். ஆயத்தொலைவு வேண்டாம். அனுப்பியவரின் பெயர் பதிவோடு அச்சாகும். மறுப்புக் கடிதம் வந்தால் அதற்கும் அதே பக்கத்தில் இடம் உண்டு.