சோலோ ட்ரிப் போன எங்கட மாமிமார்

நவம்பர் முடியும்போதே எங்கட ஊர் வட்ஸ்அப் குரூப்புகள்ல ஒரே மாதிரி வீடியோக்கள் சுத்தத் தொடங்கிடும். ஜேர்மனியிலயிருந்தோ நெதர்லாந்திலயிருந்தோ வந்த ஒரு பெண். வாடகைக்கு எடுத்த ஒரு ஆட்டோ. கூரையில கட்டின கைட் சாமான். கற்பிட்டியிலயிருந்து வெலிகம வரைக்கும் தன்னந்தனியா ஓட்டிக்கொண்டு போறா. அவங்கட நாட்டில பனி, அதனால மார்ச் வரைக்கும் இவ இங்கதான். நம்மட ஆக்கள் அதுக்கு நெருப்பு இமோஜி போட்டு, "என்ன துணிச்சல்", "வாழ்ந்தா இப்படி வாழணும்" எண்டு பகிருவாங்க. ரெண்டு நாள் கழிச்சு அதையே தமிழாக்கி, "தனியாகத் தூரப் பயணம் போகமுன் செய்ய வேண்டிய 10 விஷயங்கள்" எண்டு யாராவது எழுதுவாங்க. இளைஞர்களுக்கு ஊக்கமாம்.

அந்தப் பெண்ணோட எனக்கு ஒரு கோபமும் இல்லை. வரட்டும், ஓட்டட்டும், வெயில் காயட்டும். துணிச்சல் எண்ட அந்தச் சொல்லை நாங்க யாருக்கு அள்ளிக் குடுக்கிறம், யாருக்குக் குடுக்க மறுக்கிறம் எண்டதுதான் என்ட பிரச்சினை.

அவ செய்ய வேண்டிய ஆயத்தம் என்ன எண்டு பாருங்க. வீசா: போன்ல ஒரு படிவம், 30 நாள். போதாட்டி நீடிக்கலாம். லைசன்ஸ்: வெளிநாட்டுக்காரருக்குத் தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம் குடுக்கிறாங்க. பாதை: ஆட்டோவை அதிவேகப் பாதையில விட மாட்டாங்க. அதனால பாலாவிச் சந்தியில ஏ3 ரோட்டைப் பிடிச்சு, சிலாபம், வென்னப்புவ, நீர்கொழும்பு தாண்டி, கொழும்பு நெரிசலுக்குள்ள புகுந்து, காலி ரோட்டால கடலோரமாவே போகணும். காத்து: டிசம்பர் நடுவிலயிருந்து மார்ச் வரைக்கும் வாடை. கற்பிட்டிக் களப்பில கைட் ஓட்ட அது போதும். (எங்கட கடல்காரர் அதே வாடையைப் பார்த்துத்தான் வள்ளத்தை எந்தக் கரைக்குக் கொண்டு போறது, எங்க வாடி போடுறது எண்டு முடிவு எடுக்கிறாங்க. அவங்களை ஒருத்தரும் வீடியோ எடுக்கிறதில்லை.) சிலாபம் ரோட்டில தனியார் பஸ்ஸுக்கு முன்னால ஆட்டோ ஓட்டத் துணிச்சல் வேணும்தான். அதில எனக்கு மறுபேச்சில்லை. மிச்சம் எல்லாம் பாஸ்போர்ட்டின்ட வேலை. அந்தப் பாஸ்போர்ட் அவ பிறந்த அண்டைக்கே அவவுக்குக் கிடைச்சிட்டுது.

அதே ஏ3 ரோட்டில வென்னப்புவ வரும். அந்தப் பக்கத்துக்கு "குட்டி இத்தாலி" எண்டே பேர். ரெண்டு மாடி, மூண்டு மாடி வீடுகள், பெரிய பெரிய கேற். உள்ள பார்த்தா ஒரு கிழவனும் கிழவியும் இருப்பாங்க, இல்லாட்டி பூட்டு. பிள்ளைகள் மிலானிலயும் நாப்போலியிலயும் அந்த ஊர் வயசாளிகளைக் குளிப்பாட்டி, மருந்து குடுத்து, நடக்கக் கூட்டிக்கொண்டு போறாங்க. குளிர்காலத்தை வெளிநாட்டில கழிக்கிறவங்க எண்டு சொன்னா, எங்கட புத்தளம் மாவட்டத்தில முதல்ல சொல்ல வேண்டியது இவங்களைத்தான். இவங்கள்ல ஒரு பங்கு ஆக்கள் போனது மீன்பிடி ட்ரோலர்ல, இந்தியப் பெருங்கடலைத் தாண்டி. அதுக்குப் பேர் "சட்டவிரோதக் குடியேற்றம்". சட்டப்படி போகணும் எண்டா வங்கிக் கணக்கு, காணி உறுதி, வேலைக் கடிதம் எல்லாம் வேணும். எல்லாத்துக்கும் மேல, திரும்பி வருவன் எண்டதை நீங்க நிரூபிக்கணும். ஷெங்கன் வீசாவுக்கு 2024 ஜூனிலயிருந்து 90 யூரோ, மறுத்தாலும் காசு திரும்பாது. கற்பிட்டிக்கு வாறவகிட்ட, நீ உன்ட நாட்டுக்குத் திரும்பிப் போவாய் எண்டதுக்கு என்ன அத்தாட்சி எண்டு யாரும் காணி உறுதி கேட்டதா நான் கேள்விப்படல்ல.

ஆனா நான் முக்கியமாச் சொல்ல வந்தது வளைகுடாவுக்குப் போன பொம்பளைகளைப் பத்தி. எங்கட பக்கம் அப்படி ஒருத்தராவது இல்லாத தெரு இல்லை. என்ட மாமியும் ஒருத்தி.

மாமி பிறந்தது மன்னார்த் தீவில. 1990 ஒக்டோபர்ல வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேத்தினபோது அவவுக்கு 7 வயசு. யாழ்ப்பாணத்து ஆக்களுக்குக் கிடைச்சது ரெண்டு மணித்தியாலம். மன்னார் ஆக்களுக்குக் கொஞ்சம் கூட, ஆனா பாதை கடல்தான். வள்ளத்தில ஏறி, உடுத்த உடுப்போட கற்பிட்டிக் கரையில இறங்கினாங்க. ஆகவே எங்கட வீட்டில "தெற்கே போன பயணம்" எண்டா அது ஒண்டுதான். அதுக்கு ஆயத்தம் எண்டு ஒண்டும் இருக்கல்ல.

2007இல மாமி குவைத்துக்குப் போனா. 24 வயசு, 3 வயசில ஒரு மகள். அதுக்கு முன்னால தெற்கால சிலாபம் தாண்டினதே இல்லை. ஆயத்தம் என்ன எண்டு கேட்டா இப்பவும் வரிசையாச் சொல்லுவா. ஏஜென்சி. மெடிக்கல், அதில கர்ப்பம் இருக்கா எண்டும் பார்ப்பாங்க. பயிற்சி நிலையத்தில வொஷிங் மெஷின், வக்யூம் கிளீனர், சில அரபுச் சொல். அரபியில இருந்த ஒரு ஒப்பந்தத்தில கையெழுத்து. பிறகு பேக்: ரெண்டு கவுன், யாசீன் கிதாப், மிளகாய்த்தூள் பக்கட், சித்தாலேப டப்பா, சந்திக் கடை லேண்ட்லைன் நம்பர் எழுதின கொப்பித்தாள். கடை மூடிட்டா என்ன செய்றது எண்டு நம்பரை மனப்பாடமும் பண்ணினாவாம். குவைத்தில இறங்கின கையோட பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைச்சிட்டார். கஃபாலா முறையில அவரின்ட சம்மதம் இல்லாம வேலை மாற ஏலாது. பாஷை தெரியாத ஊர், தெரிஞ்ச ஒரு முகம் இல்லை, திரும்பி வாற திகதி தன்ட கையில இல்லை. தனிப்பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேற இருக்கா?

குளிர்காலத்தைப் பத்திக் கேட்டா மாமி சிரிப்பா. குவைத்துக்காரர் நவம்பரிலயிருந்து மார்ச் வரைக்கும் குடும்பத்தோட பாலைவனத்தில கூடாரம் அடிச்சுத் தங்குவாங்க. அவங்களுக்கு அது விடுமுறை. மாமியும் கூடாரத்தில மூண்டு குளிர்காலம் கழிச்சவதான். விடியக்காலம் எழும்பி ரொட்டி போட, கறுவாத் தேத்தண்ணி வைக்க, இருபது பேருக்குச் சோறாக்க. ராவில குளிர் எலும்புக்குள்ள போகுமாம். வானம் முழுக்க நட்சத்திரம் எண்டும் சொல்லுவா. "மகள், அப்படி ஒரு வானத்தை நான் இங்க கண்டதே இல்ல" எண்டுவா. அவவும் பார்த்திருக்கா, அனுபவிச்சிருக்கா. யாரும் அவவைப் பயணி எண்டு கூப்பிடல்ல எண்டதுக்காக அந்த வானம் இல்லாமப் போகாது.

திரும்பி வந்தவவுக்கு ஊரில கிடைச்ச பட்டம் என்ன தெரியுமா? "வெளிநாட்டுக்குப் போன பொம்பளை." இந்தச் சொல்லை எங்கட ஊரில என்ன தொனியில சொல்லுவாங்க எண்டது உங்களுக்கே தெரியும். கலியாணப் பேச்சில அது ஒரு குறை. மேடையில ஏறுறவர் சமூகச் சீரழிவுக்கு மூண்டு காரணம் சொன்னா, ரெண்டாவது இதுதான்.

அரசாங்கம் குறைஞ்சதா? மூதூர் ரிசானா நபீக்கை எல்லாருக்கும் தெரியும். 17 வயசில, வயசைக் கூட்டிப் போட்ட பாஸ்போர்ட்டில சவூதிக்கு அனுப்பப்பட்டவ. 2013 ஜனவரி 9இல தலை வெட்டப்பட்டா. நாடே அழுதது. அந்த வருசமே ஒரு சுற்றறிக்கை வந்தது: வீட்டு வேலைக்குப் போற பெண் "குடும்பப் பின்னணி அறிக்கை" எடுக்கணும், 5 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை இருந்தா போகவே ஏலாது. கிராம சேவகர், பிரதேச செயலகம், புருசன்ட கையெழுத்து. அந்தச் சுற்றறிக்கை பிடிச்சது தாய்மாரைத்தான். அதே பிள்ளையின்ட வாப்பா கட்டாருக்குக் கொங்கிரீட் வேலைக்குப் போகணும் எண்டா அவருக்கு அப்படி ஒரு தாள் இல்லை. வாப்பா இல்லாத வீட்டில பிள்ளைக்கு ஒண்டும் குறையாதாம், உம்மா இல்லாட்டித்தான் பிள்ளை கெட்டுப் போகுமாம்.

மாமிக்கு அப்ப மகன் 2 வயசு, வீடு கட்டின கடன் கழுத்து வரைக்கும். மகனுக்கு 5 வயசாகும் வரைக்கும் காத்திருந்து 2016இல திரும்பப் போனா. காத்திருக்க ஏலாத பக்கத்து வீட்டு ராத்தா விசிட் வீசாவில டுபாய்க்குப் போய் அங்கயிருந்து வேற நாட்டுக்கு வேலைக்குப் போனா. பணியகத்தில பதிவு இல்லை, காப்புறுதி இல்லை, எங்க நிக்கிறா எண்டு இங்க ஒரு அலுவலகத்துக்கும் தெரியாது. பாதுகாக்கத்தான் சட்டம் எண்டாங்க. அந்தச் சட்டம் அவவைப் பதிவுப் புத்தகத்திலயிருந்து வெளியில தள்ளினதுதான் மிச்சம்.

பிறகு 2022. டொலர் முடிஞ்சது, பெற்றோல் வரிசை பாலாவி வரைக்கும் நீண்டது. அப்பதான் அமைச்சரவைக்குத் திடீரெண்டு ஞானம் வந்தது. பெண்களின்ட வயதெல்லை 21க்கு இறங்கினது, 5 வயசு நிபந்தனை 2 வயசாச்சு, பிள்ளையை யார் பார்க்கிறது எண்டு உறுதி காட்டினா சரி எண்டாங்க. 2013இல பிள்ளையின்ட நலன், 2022இல நாட்டின்ட நலன். அந்தப் பெண்ணின்ட விருப்பம் எண்டு ஒண்டை ரெண்டு தரமும் யாரும் விசாரிக்கல்ல.

காசுக் கணக்கையும் பார்ப்பம், ஏனெண்டா சுற்றுலாவைப் பத்திப் பேசினா உடனே டொலர்தான் வரும். 2024இல சுற்றுலாவால நாட்டுக்கு வந்தது ஏறத்தாழ 3.2 பில்லியன் டொலர். வெளிநாட்டில வேலை செய்றவங்க அனுப்பினது ஏறத்தாழ 6.6 பில்லியன். இரண்டு மடங்கு. வாறவங்களுக்கு எயார்போர்ட்டில கண்டிய நடனம், மாலை. போறவங்களுக்கு ஏஜென்ட்டின்ட ஃபைலைக் கட்டிப் பிடிச்சபடி ஒரு மூலையில நிலத்தில இருக்கை.

"அப்ப வெள்ளைக்காரங்க வரவே கூடாதா?" எண்டு கேப்பீங்க. வரணும். ஆலங்குடாவில டொல்பின் காட்டப் போற வள்ளக்காரர், கபானா பொடியன்மார், ஆட்டோ வாடகைக்கு விடுறவர் எல்லாரும் என்ட சொந்தக்காரர்தான். ஆனா எங்கட இந்த வாய்பிளக்கிற பழக்கம் எங்க கொண்டுபோய் விடும் எண்டதை 2024 பெப்ரவரியில உனவட்டுனவில பார்த்தம். எங்கட நாட்டுக்குள்ளேயே "வெள்ளையருக்கு மட்டும்" எண்டு ஒரு பார்ட்டிக்கு விளம்பரம் போட்டாங்க. எதிர்ப்பு வந்த பிறகுதான் அது நிண்டது.

இன்னொரு கேள்வியும் வரும், கம்பஸிலேயே ஒரு நண்பன் கேட்டான்: "அவ ஜொலிக்குப் போறா, உங்கட மாமி வேலைக்குப் போனா. ரெண்டையும் எப்படி ஒண்டாக்குவாய்?" ஒண்டாக்கல்லடா. ஜொலிக்கு ஒருத்தி தனியா உலகம் சுத்தலாம், வேலைக்குக்கூட ஒருத்தி புருசன்ட கையெழுத்து இல்லாம நகர ஏலாது எண்டா, வித்தியாசம் மனவுறுதியில இல்லை. அதைத்தான் சொல்றன்.

இதை எழுதுற எனக்கும் இதில சொந்தக் கணக்கு இருக்கு. ஸ்கூட்டி ஓட்ட லைசன்ஸ் எடுத்து ரெண்டு வருசம். கற்பிட்டியிலயிருந்து பாலாவி தாண்டித் தனியாப் போனா, அண்டு மஃரிபுக்குள்ள வாப்பாவுக்கு நாலு கோல் வரும்: "மகளை ரோட்டில கண்டன், ஒண்டும் பிரச்சினை இல்லையே?" எண்டு. அந்த நாலு பேரில ரெண்டு பேர் அந்த ஆட்டோக்காரிக்கு நெருப்பு இமோஜி போட்டவங்க. ஸ்கிரீன்ஷொட் இருக்கு.

ஆகவே எனக்கு வேண்டியது சின்ன விஷயங்கள்தான். மிச்சமிருக்கிற பிள்ளை நிபந்தனையை நீக்கட்டும், இல்லாட்டி வாப்பாமாருக்கும் அதே தாளைக் குடுக்கட்டும். மேடையில பேசுறவங்க அந்த "ரெண்டாவது காரணத்தை" விடட்டும். அடுத்த "10 விஷயங்கள்" எழுதப் போற ஆக்கள் ஒரு தரம் எங்கட ஊருக்கு வரட்டும். போகமுன் பாஸ்போர்ட் கொப்பியை எங்க ஒளிக்கிறது, சம்பளம் ரெண்டு மாசம் தராட்டி யாரிட்டச் சொல்றது, முதலாளி கத்தினா எந்தச் சொல்லைச் சொல்லி ஆறப் பண்றது எண்டு மாமி ஒவ்வொண்டாச் சொல்லுவா. வீட்டை நான் காட்டுறன். அசருக்கு முன்னால வாங்க. அதுக்குப் பிறகு கபானாக்காரருக்கு இடியப்பம் அவிக்கத் தொடங்கிடுவா, பேச நேரம் இருக்காது.